ஊஞ்சல் பலகையும் நாலு இஞ்ச் கிரைண்டரும்: ஒரு வீட்டுப் பட்டறை விபத்தின் ஆய்வு

என் தங்கையின் கணவர் கவனமான ஆள். பக்கத்துத் தெருவுக்கு ஸ்கூட்டரில் போனாலும் ஹெல்மெட் போடுவார். இரவு படுக்கும் முன் கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு மாடிக் கொட்டகையில் கிரைண்டரால் பலகை வெட்டும்போது, அவர் இடது கை ஆள்காட்டி விரலின் நுனியை இழந்தார். நடுவிரலின் நரம்பும் தசைநாரும் அறுந்தன. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பை ஆப்பிளோடு வந்து ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: கவனக்குறைவு.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஏதாவது அடிபட்டால் அறிக்கை எழுதுவதும் என் வேலைதான். காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினால் எங்கள் பாதுகாப்பு அதிகாரி அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "கவனம் ஒரு நொடி தப்பும், எல்லோருக்கும் தப்பும். தப்பியபோது கைக்கும் பிளேடுக்கும் நடுவில் ஏன் எதுவும் இல்லை, அதை எழுதுங்க" என்பார். அதே அறிக்கையை என் குடும்பத்துக்காக எழுதினால் என்ன என்று தோன்றியது. மாப்பிள்ளையிடம் கேட்டேன். "எழுதுங்க மச்சான், இன்னொருத்தர் விரலாவது மிஞ்சட்டும்" என்றார். இங்கே இருப்பது அவரும் தங்கையும் மகளும் சொன்னது, பிறகு நான் அந்தக் கொட்டகையில் அளந்து பார்த்தது.

அன்று நடந்தது

ஈரோட்டில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை. 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் தொடங்கிய மரவேலை அங்கேதான் வளர்ந்தது. முதலில் ஒரு செருப்பு ஸ்டாண்ட், அப்புறம் சாமி அறைக்கு ஒரு மேடை, மகளுக்குப் படிக்கும் மேசை. நன்றாகவே செய்வார். அன்று எடுத்தது ஊஞ்சல் பலகை. இடித்த பழைய வீட்டிலிருந்து வாங்கிய தேக்கு, ஒன்றரை இஞ்ச் தடிமன், ஆறடிக்கு மேல் நீளம். அதை நாலரை அடிக்கு வெட்ட வேண்டும்.

வெட்ட எடுத்தது நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர். இரும்பு அறுக்கவும் வெல்டிங் பிசிறு தேய்க்கவும் உள்ள மெஷின் அது. அதில் 40 பல் உள்ள மர பிளேடு மாட்டியிருந்தார். பிளேடை மறைக்கும் தகடான கார்டைக் கழற்றியிருந்தார். பக்கவாட்டுக் கைப்பிடியும் இல்லை. பலகையின் இரு முனைகளையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் வைத்து, இரண்டுக்கும் நடுவில் வெட்டினார். வலது கையில் மெஷின், இடது கை பலகையை அமுக்கிக்கொண்டிருந்தது.

ஒரே வெட்டில் ஒன்றரை இஞ்ச் இறங்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு பக்கம் ஒரு இஞ்ச் ஆழத்துக்கு வெட்டி, பலகையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்திலிருந்து மீதியை வெட்டுவது என்று திட்டம். முதல் பக்கம் வெண்ணெயாக இறங்கியது. இரண்டாம் பக்கம் முக்கால்வாசி போனதும் "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் அவருக்கு நினைவிருக்கிறது. மெஷின் வெட்டுக்குள்ளிருந்து எகிறி, பலகை மேலேயே அவரை நோக்கி ஓடி, இடது கை மேல் ஏறி, கீழே விழுந்தது. விழுந்த பிறகும் நிற்கவில்லை. தரையில் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு மேலே ஓடி வந்த மகள், பன்னிரண்டாவது படிக்கிற பெண், நேராகச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். அந்த நாளில் எல்லோரையும் விட நிதானமாக இருந்தது அவள்தான். இதை நான் அவளிடமும் சொன்னேன்.

மெஷின் ஏன் உதைத்தது

பட்டறைக்காரர்கள் இதை 'மெஷின் உதைக்குது' என்பார்கள். சுற்றும் பிளேடு எங்காவது கவ்வப்பட்டால், அதுவரை மரத்தை அறுக்கப் போன விசை முழுவதும் மெஷினையே திருப்பித் தள்ளும். பிளேடு எந்தத் திசையில் பல்லால் மரத்தை இழுக்கிறதோ, அதற்கு எதிர்த் திசையில் மெஷின் பாயும். இங்கே பிளேடின் அடிப்பக்கம் முன்னோக்கிச் சுழன்றது, அதனால் மெஷின் பின்னோக்கி வந்தது. வெட்டை விட்டு மேலே ஏறியதும் அது ஒரு சக்கரம்தான். பலகை மேல் உருண்டு வரும். இடது கை வைத்திருந்த இடம் சரியாக அந்தப் பாதையில்.

பிளேடைக் கவ்வியது எது? பலகையேதான். இரு முனையிலும் தாங்கி, நடுவில் வெட்டும்போது பலகை நடுவில் தொய்யும். தொய்யும்போது மேல் பக்கம் நெருங்கும், கீழ்ப் பக்கம் விரியும். மேலிருந்து வெட்டினால் வெட்டு வாய் மூடும், உள்ளே பிளேடு இருக்கும். முதல் பக்கம் வெட்டியபோது கீழே இன்னும் அரை இஞ்ச் முழு மரம் இருந்து தாங்கியது. தொய்வு தெரியவில்லை. திருப்பிப் போட்டு வெட்டியபோது மிஞ்சியது மெல்லிய பட்டை மரம்தான். அதன் மேல் பலகையின் எடை, இடது கையின் அழுத்தம். சுலபமாக முடிந்த முதல் வெட்டுதான் அவருக்குத் தைரியம் கொடுத்தது. இரண்டாவது வெட்டு பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும் முற்றிலும் வேறு வேலை.

ஊரில் எந்த ஆசாரியும் இப்படி வெட்ட மாட்டார். வெட்டி எறியப் போகும் துண்டு தாங்கலுக்கு வெளியே தொங்க வேண்டும், அப்போது வெட்டு வாய் தானே விரியும். அல்லது பலகை முழுவதும் படுக்கையாக ஏதாவதன் மேல் கிடக்க வேண்டும். கைரம்பம் பிடித்துப் பழகியவர்களுக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். ரம்பம் சிக்கிக்கொண்டால் நின்றுவிடும், திட்டிக்கொண்டே இழுப்போம், அப்படியே கற்றுக்கொள்வோம். மாப்பிள்ளை கைரம்பத்தைத் தொடாமலே மெஷினுக்கு வந்தவர். அவருக்கு அந்தப் பாடம் கிடைக்கவே இல்லை. மெஷினில் முதல் பாடமே கடைசிப் பாடமாகிவிடலாம்.

வேகத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'கையை இழுத்திருக்கலாமே' என்று கேட்டவர்கள் உண்டு. அந்த மெஷினின் தகட்டில் நிமிடத்துக்கு 11,000 சுற்று என்று இருக்கிறது. பிளேடின் விட்டம் 110 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் பல் நகரும் வேகம் நொடிக்கு 63 மீட்டர், அதாவது மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல். கண்ணால் பார்த்து, மூளைக்குப் போய், கை அசைய எப்படியும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அந்த நேரத்தில் பிளேடு 36 முறை சுற்றிவிடும், ஏறக்குறைய 1,450 பல் கடந்து போகும். எந்த மனிதக் கையும் இதை முந்த முடியாது. அமெரிக்காவில் 1999இல் ஸ்டீவ் காஸ் என்ற இயற்பியலாளர், மேசை ரம்பத்தின் பிளேடில் விரல் பட்டதும் ஒரு சிறு மின் சமிக்ஞை மாறுவதை வைத்து, அலுமினியக் கட்டை ஒன்றைப் பிளேடில் பாய்ச்சி, சுமார் 5 மில்லிநொடியில் நிறுத்தும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். சா ஸ்டாப் என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்தது. ஒரு மனிதன் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் போதாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இப்படி ஒரு யோசனை வரும். நம் வீடுகளில் இருக்கும் சாதாரண நாலு இஞ்ச் கிரைண்டரில் அப்படி எதுவும் கிடையாது.

அதற்கு முன்பே எடுத்த முடிவுகள்

விபத்து நடந்தது ஒரு நொடியில். ஆனால் அதற்கான இடம் வாரக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்தது.

முதலாவது பிளேடு. கிரைண்டர் கல்லால் தேய்க்கும் மெஷின். அறுக்கும் டிஸ்கும் ஒரு வகைக் கல்தான், அதற்குப் பல் கிடையாது. பல் உள்ள மர பிளேடு மரத்தைக் கடித்து இழுக்கும். அதே மெஷினில் அதை மாட்டும்போது உதைக்கும் ஆபத்து மிகவும் கூடும். இந்த பிளேடை மாப்பிள்ளை ஹார்டுவேர் கடையில் கேட்டுத்தான் வாங்கினார். "நாலு இஞ்சுக்குப் போடலாம்ங்க" என்று கொடுத்திருக்கிறார்கள். கிரைண்டரோடு வந்த கையேட்டில், பல் உள்ள ரம்ப பிளேடு மாட்டக் கூடாது என்று தனியாக எழுதியிருந்தது. அந்தக் கையேடு பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் இருந்ததை நானே எடுத்தேன். பொதுவாக எல்லாக் கிரைண்டர் கையேட்டிலும் இந்த வரி இருக்கும்.

இரண்டாவது கார்டு. 110 மில்லிமீட்டர் பிளேடு 100 மில்லிமீட்டருக்கான கார்டுக்குள் போகாது. போகவில்லை என்றால் இந்த பிளேடு இந்த மெஷினுக்கு இல்லை என்று கார்டு சொல்கிறது. நாமோ கார்டைக் கழற்றுகிறோம். தொழிற்சாலையில் இப்படிச் செய்ய முடியாது. இயந்திரங்களுக்கு மறைப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொன்னது, ஆய்வாளர் வந்து பார்ப்பார். வீட்டு மாடிக்கு யாரும் வர மாட்டார்கள். கார்டு இருந்திருந்தால் பிளேடுக்கும் கைக்கும் நடுவில் ஒரு தகடு இருந்திருக்கும். உதைப்பு நடந்திருக்கும், விரல் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

மூன்றாவதை நான் கடைசியாகத்தான் கண்டுபிடித்தேன். பிளேடின் நடு ஓட்டை 20 மில்லிமீட்டர். கிரைண்டரில் பிளேடு உட்காரும் ஃபிளாஞ்ச் 16 மில்லிமீட்டர். இந்த இடைவெளியை அடைக்க ஒரு சிறு வளையம் பிளேடு பாக்கெட்டிலேயே வரும். அது தொலைந்துவிட்டது. வளையம் இல்லாமல் நட்டை இறுக்கினால் பிளேடு மையத்திலிருந்து 2 மில்லிமீட்டர் வரை விலகி உட்காரும். அப்போது எல்லாப் பல்லும் ஒரே அளவாகக் கடிக்காது, ஒரு பக்கத்துப் பல் மட்டும் ஆழமாகக் கடிக்கும். மெஷின் அதிரும். "கொஞ்சம் அதிர்வு இருந்துச்சு மச்சான், புது பிளேடு அப்படித்தான் போலன்னு நினைச்சேன்" என்றார். அதிர்வு என்பது மெஷின் பேசும் மொழி. இருபது வருஷமாக நான் பார்த்தவரையில், காரணமில்லாமல் எந்த மெஷினும் அதிர்ந்ததில்லை.

நான்காவது பிடிமானம். பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாததால் ஒரு கை சும்மா இருந்தது. சும்மா இருந்த கை பலகையைப் பிடிக்கப் போனது. நூற்றுக்கணக்கில் விலையுள்ள இரண்டு சி கிளாம்ப் பலகையைப் பிடித்திருந்தால், இரண்டு கையும் மெஷினில் இருந்திருக்கும். மெஷினில் இருக்கும் கை பிளேடிடம் போகாது. என்னைக் கேட்டால், வீட்டுப் பட்டறைக்கு மெஷின் வாங்கும் முன் வாங்க வேண்டியது கிளாம்ப்தான்.

ஐந்தாவது ஸ்விட்ச். இந்த வகைக் கிரைண்டரில் முன்னால் தள்ளினால் மாட்டிக்கொள்ளும் ஸ்விட்ச். கையை விட்டாலும் ஓடும். அழுத்திப் பிடித்திருந்தால் மட்டும் ஓடும் பேடில் ஸ்விட்ச் உள்ள மெஷினும் கடையில் உண்டு, கொஞ்சம் விலை கூட. அதுவாக இருந்திருந்தால் கீழே விழுந்த மெஷின் ஆடியிருக்காது. மகள் அந்தத் தரையில் கால் வைத்த காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

அன்று காலையிலேயே ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. பத்து மணி வாக்கில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மெஷினை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கக் கீழே போனார். ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே இருந்தது. கரண்ட் வந்ததும் மெஷின் தானே கிளம்பி, ஸ்டூலிலிருந்து குதித்து விழுந்தது. ஓடிப் போய் நிறுத்தினார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வேலை தொடர்ந்தது. இதை மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் மறந்தே போயிருந்தார். எங்கள் தொழிற்சாலையில் இப்படி அடிபடாமல் தப்பியதற்கும் ஒரு பதிவேடு உண்டு. அன்று வேலையை நிறுத்திவிட்டு மெஷினைச் சோதிப்போம். கரண்ட் அடிக்கடி போய் வரும் நம் ஊர்களில் இதை ஒரு பழக்கமாகவே ஆக்க வேண்டும்: கரண்ட் போனதும் முதல் வேலை ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குவது.

அவர் நூல் கையுறை போட்டிருந்தார். பாதுகாப்பு என்று நினைத்துத்தான். பல் உள்ள பிளேடு தோலை வெட்டும். தளர்வான நூல் கையுறையோ பல்லில் சிக்கி, கையையே உள்ளே இழுக்கும். அன்று இழுத்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கையுறை கந்தலாகத்தான் கிடைத்தது. கீழே லுங்கி, காலில் ரப்பர் செருப்பு. கண்ணாடி மட்டும் போட்டிருந்தார், அது அவர் கண்ணைக் காப்பாற்றியது. கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது.

அடுத்த இருபது நிமிடம்

தங்கை ஒரு துண்டால் கையை இறுக்கச் சுற்றி, தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். அது சரியான காரியம். ரத்தம் வரும் இடத்தின் மேல் நேராக அழுத்துவதும், கையை இதயத்துக்கு மேலே தூக்குவதும்தான் முதலில் செய்ய வேண்டியவை. 108க்கும் அழைத்தார்கள்.

துண்டான விரல் நுனியைத் தேடி எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். நல்ல எண்ணத்தில், ஒரு டம்ளரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு நேராக அதற்குள் வைத்துவிட்டார். ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். சுத்தமான துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதில் விரல் துண்டைச் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். துண்டு குளிர வேண்டும், உறையக் கூடாது. இது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும் அன்றுவரை தெரியாது. ஒட்ட வைக்க முடியாது என்று மருத்துவர் சொன்னபோது, ஐஸ் ஒரு காரணம் என்றார். ரம்பப் பல் போன இடத்தில் எலும்பும் தோலும் தூளாகிப் போயிருந்தது இன்னொரு காரணம். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதல் காரணத்தை நாங்கள் சொல்லவில்லை.

கை அறுவை சிகிச்சை தனித் துறை. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அதற்கென்றே பிரிவு இருக்கிறது. கோவையில் கங்கா மருத்துவமனை இதில் பெயர் பெற்றது. பட்டறை வைத்திருப்பவர்கள் தங்கள் ஊருக்கு அருகில் விரல் ஒட்டும் வசதி எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம். ரத்தம் கொட்டும்போது விசாரிக்க முடியாது.

நடுவிரலின் தசைநாரைத் தைத்தார்கள். மூன்று மாதம் பிசியோதெரபி. இப்போது அந்த விரல் மடங்குகிறது, முழுவதும் நீளவில்லை. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. குளிர் நாளில் ஆள்காட்டி விரலின் முனை சுண்டி இழுக்கிறதாம், இல்லாத நுனியில்.

மாற்றியவை

மறுபடி அந்தக் கொட்டகையைத் திறக்க அவருக்கு ஏழு மாதம் ஆனது. திறக்கவே வேண்டாம் என்றாள் தங்கை. நான் இரண்டு பேர் பக்கமும் நின்று பேசினேன். மரவேலை அவருக்கு மருந்து மாதிரி, அதை நிறுத்தினால் கையோடு மனசும் முடங்கும் என்று நினைத்தேன். நாங்கள் முதலில் கேட்ட கேள்வி, எந்த மெஷின் பாதுகாப்பானது என்பதல்ல. இந்த வெட்டுக்கு மெஷின் வேண்டுமா என்பது. ஊஞ்சல் பலகைக்குத் தேவைப்பட்டது மொத்தம் இரண்டே வெட்டு. நல்ல கைரம்பத்தில் ஒரு வெட்டுக்குப் பத்து நிமிடம். இப்போது நேர் வெட்டு கைரம்பத்தில், வளைவு வெட்டு ஜிக்சா என்ற சிறு மின் ரம்பத்தில். கிரைண்டர் இரும்புக்கு மட்டும், கார்டோடும் கைப்பிடியோடும். மர பிளேடைச் சுத்தியலால் வளைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். யாருக்கும் சும்மாவும் கொடுக்கவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலிகள் கீழே போய்விட்டன. ஆசாரி ஒருவரைக் கொண்டு இடுப்பு உயரத்தில் கனமான வேலை மேசை செய்தோம், ஓரத்தில் பலகையைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், நாலு கிளாம்ப். மேசையின் எடைதான் முக்கியம், ரம்பம் இழுக்கும்போது அசையக் கூடாது.

மின்சாரத்தையும் பார்த்தோம். கொட்டகைக்கு வந்த லைன் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் முடிந்திருந்தது, எர்த் வயரே இல்லை. எம்சிபி இருக்கிறதே என்றார். வயர் சூடாகி எரியாமல் எம்சிபி பார்த்துக்கொள்ளும், ஆளைக் காப்பாற்றாது. உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்தால் கண்டுபிடித்து வெட்டுவது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் அளவில் ஒன்று போட்டோம், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறார். சதுரத்துக்குள் சதுரம் குறி போட்ட மெஷின்களுக்கு இரட்டைக் காப்பு இருப்பதால் எர்த் பின் இருக்காது, அது குறையல்ல. கொட்டகை வாசலில், உள்ளே கால் வைக்காமலே எட்டும் இடத்தில் ஒரு மெயின் ஸ்விட்ச். அது மகள் கேட்டது.

அறுக்கும் டிஸ்க் விஷயத்தில் எனக்கே தெரிந்தும் நான் வீட்டில் கவனிக்காத ஒன்று இருந்தது. டிஸ்கின் நடுவில் உள்ள இரும்பு வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் அடித்திருக்கும், பொதுவாகத் தயாரித்து மூன்று ஆண்டு. உள்ளே பிணைத்திருக்கும் பிசின் ஈரத்தில் பலம் இழக்கும். மழைக்காலத்தில் தகரக் கொட்டகையில் கிடந்த டிஸ்க் ஓடும்போது உடையலாம். என் வீட்டுப் பெட்டியில் இருந்த ஆறில் நாலு காலாவதி. எறிந்தேன்.

தூசியும் வெயிலும்தான் இன்னும் தீரவில்லை. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது, அதனால் மாஸ்க் கட்டாயம். ஆனால் ஈரோட்டு வெயிலில், தகரத்துக்குக் கீழே, பத்து மணிக்கு மேல் மாஸ்கும் கண்ணாடியும் போட்டால் கண்ணாடி ஆவி பிடித்து வெட்டுக் கோடே தெரியாது. கண்ணாடியைக் கழற்றத்தான் கை போகும். ஒரு பக்கச் சுவரைத் திறந்து கம்பி வலை போட்டோம், பெடஸ்டல் ஃபேன் தூசியை வெளியே தள்ளுகிறது. இருந்தும் போதவில்லை. இப்போதைக்குக் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிக்கிறார். கூரைக்குத் தென்னங்கீற்று வேயலாமா, மரத்தூள் இருக்கும் இடத்தில் அது தீப்பிடிக்காதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.